புத்தக ஓரத்துக் கரி

ஒரு தொழில்நுட்பப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் நீங்கள் எல்லோரும் முதலில் அட்டையைத் தடவுகிறீர்கள். அப்புறம் பூசணிக்காய்க்கு எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்க்கிறீர்கள். கனமாக இருந்தால் "நல்ல புக் மேடம், வாங்கிடலாம்" என்கிறீர்கள். பழைய ஆள் நாலு வார்த்தை பேசட்டும் என்று போன வாரம் பயிற்சி மையத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்களே, அன்றைக்குத்தான் இதைப் பார்த்தேன். விருந்துக்குப் போன இடத்தில் சண்டை போடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன். கோபித்துக்கொண்டாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மல்லிகா. அந்த மையத்தின் தொழில்நுட்ப நூலகத்தில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, அங்கேயே மாலை போட்டுக்கொண்டு வெளியே வந்தவள். சொந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். நெய்வேலி நகரியத்து குவார்ட்டர்ஸில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு, ரிட்டயர் ஆனதும் சாவியை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப இங்கேயே வந்துவிட்டேன். எனக்காவது திரும்பி வர பக்கத்திலேயே ஒரு ஊர் இருந்தது. நான் சொல்லப்போகிறவருக்கு அப்படிப் பக்கத்தில் ஊர் இல்லை.

அவருடைய பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. நகரியத்தில் எல்லா மாவட்டத்து ஜனங்களும் கலந்து கிடந்ததால் பாதிப் பேருக்கு ஊர்தானே பெயர்? மதுரைக்காரர், சேலத்தம்மா, தஞ்சாவூர் சார் என்பதுபோல் அவர் எங்களுக்கு நாகர்கோவிலக்கா. கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இன்ஜினியர். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். நகரியத்தில் வந்து எத்தனை வருஷம் ஆகியும் அவர் பேச்சு ஒரு பொட்டு மாறவில்லை. நான் "இன்னாக்கா" என்றால் அவர் "என்னட்டி" என்பார். இரண்டு தேசத்துக்காரிகள் பேசுகிறார்கள் என்று கேன்டீனில் எங்கள் மேசையைக் கேலி செய்வார்கள். செய்யட்டுமே, எங்களுக்குப் புரிந்தது.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில் நடந்தது இது. அலுவலகத்தில் போர்ட்டல் வந்த புதிது. அதுவரை ஒரு வேலைத் திட்டம் வேண்டுமென்றால் மெயிலில் வரும். ஆளுக்கொரு காப்பி வைத்திருப்போம். எது கடைசிக் காப்பி என்று பிள்ளையாருக்கே தெரியாது. போர்ட்டலில் அப்படியில்லை. ஒரே கோப்பு பொதுவில் கிடக்கும். எல்லா செக்‌ஷனும் அதையே திறந்து, அதிலேயே எழுத வேண்டும். பொதுக் கிணறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சௌகரியம்தான், ஆனால் ஒருத்தர் கயிற்றை விட்டுவிட்டால் ஊருக்கே தண்ணீர் கிடையாது.

இதைக் கற்றுக்கொள்ள ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் ஒரு புத்தகம் கொடுப்பது என்று முடிவானது. தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போடுவது அக்கா. வாங்கி, முத்திரை குத்தி அனுப்புவது நான். சென்னையிலிருந்து புத்தகக் கடைக்காரர் அப்ரூவலில் அனுப்பிவைப்பார். வைத்துப் பார்த்துவிட்டுப் பிடித்தால் காசு கொடுக்கலாம், இல்லையென்றால் கட்டித் திருப்பி அனுப்பிவிடலாம்.

அக்கா எந்தப் புத்தகத்தையும் பின்னாலிருந்துதான் திறப்பார். "முன்னால உள்ளது எல்லாம் கல்யாண வீட்டு வாசல் மாதிரிட்டி. வாங்க வாங்கன்னுதான் சொல்லும். அடுப்பு பின்னாலதானே எரியுது?" என்பார். கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்வரிசையில் விரலை ஓட்டுவார். 'கோப்பைக் காணவில்லை', 'தெரியாமல் அழித்துவிட்டேன்', 'பூட்டிக்கொண்டது' என்ற மாதிரி வார்த்தைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். இல்லையென்றால் முகத்தைச் சுளிப்பார்.

"எல்லாம் நல்லா போவும்போ எவன்ட்டி புத்தகத்த எடுப்பான்? வயித்துல புளியக் கரைக்கும்போதான் எடுப்பான். அந்த நேரம் அவன் வாயில என்ன வார்த்த வருமோ, அது இங்க இருக்கணும், கேட்டியா?"

இதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. அவரிடம் இன்னொரு பரீட்சையும் இருந்தது. அப்ரூவலில் வந்த புத்தகங்களை வேலை நடக்கும் இடத்துக்கே அனுப்பி, மூன்று ஷிஃப்ட் ஆட்களும் புழங்கும்படி கொஞ்ச நாள் அங்கே போட்டுவைப்பது. நம் மைன்ஸ் பக்கத்து அலுவலகங்களில் எதையும் மூடிவைத்துக் காப்பாற்ற முடியாது. பழுப்பு நிலக்கரித் தூள் கதவிடுக்கில் வரும், ஜன்னலில் வரும், டீயில் வரும். ஆட்களின் கையிலும் அதுதான். அந்தக் கையால் அடிக்கடி புரட்டிய புத்தகத்தின் ஓரம் கறுத்திருக்கும், புரட்டாதது வெள்ளையாகவே திரும்பி வரும். அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். டர்பைன் புத்தகமோ பேரிங் புத்தகமோ, கரி சொன்னது அதுவரை தப்பியதில்லை. எனக்கும் அந்தப் பரீட்சை ரொம்பப் பிடித்துப்போனது. விமர்சனம் படிக்க வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம், ஓரத்தைப் பார்த்தால் போதும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போர்ட்டலுக்கு இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று குண்டு. வழவழ அட்டை, 'புதிய பதிப்பு' என்று தங்க நிற ஸ்டிக்கர், உள்ளே பக்கத்துக்கு இரண்டு படம். இன்னொன்று ஒல்லி. சாணி நிற அட்டை, மட்டமான தாள், படமே இல்லை என்று சொல்லலாம். அக்கா ஒல்லியைப் பின்னாலிருந்து திறந்தார். படித்தார். இன்னும் கொஞ்சம் படித்தார். டீ ஆறிப்போனது.

"கொள்ளாம்ட்டி, நல்லா இருக்கு. இவன் வேல பாத்து அடி வாங்கினவன். அத எழுதியிருக்கான்" என்றார்.

குண்டைப் புரட்டிவிட்டு, "இதுல ஒருத்தனுக்கும் ஒரு தப்பும் நடக்கல. எல்லாப் படத்துலயும் எல்லாம் சரியாவே நடக்கு. ஸ்டிக்கர் புதுசு, உள்ள பழைய சோறு மாதிரி தெரியுது" என்றார்.

அவ்வளவு தெளிவாகச் சொன்னவர், பரீட்சை என்றால் பரீட்சைதான் என்று இரண்டையும் மைன்ஸ் பராமரிப்புத் திட்டமிடும் செக்‌ஷனுக்கு அனுப்பிவைத்தார்.

அங்கேதான் அமுதா வேலை பார்த்தாள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண். காண்ட்ராக்ட். கம்ப்யூட்டரில் தகவல் ஏற்றும் வேலை. அவள் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். நூலகத்துக்கு வரும்போதெல்லாம் வாசல் பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்காருவாள். நன்றாக உட்காரேன் என்றால் சிரிப்பாள். "எங்க வூட்ல நாற்காலில உக்காந்துகினு சம்பாரிக்கிற மொத ஆளு நான்தான்க்கா. இன்னும் பழக்கம் வர்ல" என்பாள். அந்த நாற்காலியை இழந்துவிடக்கூடாது என்கிற பயம் அவளிடம் எப்போதும் உண்டு. வருஷா வருஷம் காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் மாதத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

புத்தகங்கள் திரும்பி வந்தன. குண்டின் ஓரம் மூன்று பக்கமும் கன்னங்கரேல் என்றிருந்தது. ஒல்லி அனுப்பிய மாதிரியே வெள்ளையாக வந்தது. அக்கா இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்குப் பிடிச்சது வேற, அவங்களுக்குப் பிடிச்சது வேறல்லா? படிக்கப் போறது அவங்க. நம்ம பிடிவாதம் எதுக்கு?" என்று குண்டுக்குக் கையெழுத்துப் போட்டார். நான் ஒல்லியைக் கட்டி சென்னைக்குத் திருப்பி அனுப்பினேன். குண்டில் செக்‌ஷனுக்கு ஒன்று வாங்கினோம். அப்ரூவலில் வந்த அதே பிரதி முத்திரையோடு அமுதாவின் செக்‌ஷனுக்கே போனது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது ஒரு ஷட்டவுன் நாளில்.

ஷட்டவுன் என்றால் கன்வேயர் பெல்ட்டை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கும் நாள் என்று உங்களுக்குத் தெரியும். எந்த இடத்தில் எந்த ரோலர் மாற்ற வேண்டும், எந்த ஆள் எங்கே போக வேண்டும், எந்த மின் இணைப்பை முதலில் துண்டித்துப் பூட்ட வேண்டும், எல்லாம் போர்ட்டலில் ஒரு ஃபோல்டரில் இருந்தது. அது இல்லாமல் ஒரு ஆளையும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் அனுப்ப முடியாது. காலையில் சங்கு ஊதி, ஆட்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்தால் ஃபோல்டரைக் காணோம். போர்ட்டலின் ரீசைக்கிள் பின்னைத் திறந்தால் அதுவும் துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி காலி. யார் அழித்தது என்று போர்ட்டலே காட்டியது. அமுதாவின் பெயர்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் போகிற வழியில் நூலகத்தில் தலையை நீட்டி, "வாட்டி மல்லிகா, சீக்கிரம் வா" என்றார். எதற்கு என்று கேட்காமலே போனேன்.

அங்கே மேனேஜர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. போர்ட்டலைப் பராமரிக்கும் வெளிக் கம்பெனிக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். போன வார பேக்கப்பை எடுத்துப் போட்டுவிடலாம், எல்லாம் திரும்பி வந்துவிடும் என்றார்.

"எல்லாம்னா?" என்றார் அக்கா.

"மொத்த போர்ட்டலும் போன வாரம் எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிடும் மேடம்."

"அப்ப இந்த வாரம் மத்த செக்‌ஷன்காரங்க ஏத்தினது?"

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர், "போடுங்கப்பா! ஆளுங்க பஸ்ல உக்காந்துகினு இருக்காங்க, கிரேன் வந்து நிக்குது" என்று கத்தினார்.

உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். ஒரு ஓட்டையை அடைக்க ஒருத்தர் வீட்டுக் கூரையையே பிடுங்கிக் கொடுப்பார். எல்லோரும் அவசரப்படும்போது அது பெரிய உதவி மாதிரிதான் தெரியும். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்கிறவர் மேல்தான் எல்லோருக்கும் ஆத்திரம் வரும். அக்கா சொன்னார்.

"ஒரு டீ குடிக்கிற நேரம் குடுங்க சார். அதுக்குள்ள நான் கொண்டுவரலன்னா நீங்க சொல்லுத மாதிரி செய்யலாம்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் விழுந்தார். சரி என்று அர்த்தம்.

அக்கா என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "அந்த ஒல்லிப் புத்தகத்துல இது இருந்துதுட்டி. நான் படிச்சேன். ரீசைக்கிள் பின்னும் காலியாப் போனா என்ன செய்யணும்னு ஒரு பக்கம் இருந்துது. என்னன்னு மறந்து போச்சு சவம். கடைக்காரருக்குப் போனப் போடு."

போட்டேன். "சார், நாங்க திருப்பி அனுப்பினோமே, சாணி கலர் அட்டை, ஒல்லியா ஒண்ணு, இருக்குதா?"

"அடடே, மேடமா! நீங்க அனுப்பின கட்டே இன்னும் பிரிக்கலீங்க."

"பிரிங்க சார், புண்ணியமாப் போவும்."

கட்டுப் பிரிக்கும் சத்தம் போனில் கேட்டது. கயிறு அறுபடவில்லை போலிருக்கிறது, கத்தரியைக் கேட்டு யாரையோ திட்டினார். அக்கா போனை வாங்கிக்கொண்டார். "அண்ணாச்சி, பின்னாலேர்ந்து தொறங்க. டெலிட்னு ஒரு வார்த்த இருக்கும் பாருங்க. அதுக்குக் கீழ உள்ளதெல்லாம் வாசிங்க."

அவர் அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்வதுபோல் ஒவ்வொன்றாக வாசித்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் ஒரு எழுத்தை விடவில்லை. ஓரிடத்தில் அக்கா சுவரில் தட்டினார். "அதான்! அது எத்தனாம் பக்கம்? அத எடுங்க."

அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும் கோப்பு உடனே அழிந்துவிடாது. நிர்வாகி மட்டும் திறக்கக்கூடிய இன்னொரு பின்னில் சில நாள் கிடக்கும். அதற்குப் போகும் வழி இது. கடைக்காரர் வாசிக்க, அக்கா உள்ளே நடந்துகொண்டே திருப்பிச் சொல்ல, கம்பெனிக்காரர் "ஆமா மேடம், இருக்கு, பதட்டத்துல எனக்குத் தோணவே இல்ல" என்று தட்டினார். ஃபோல்டர் முழுசாக வந்து நின்றது. வெளியே பஸ் கிளம்பும் சத்தம் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்காரர் மட்டும் போனில் விடாமல் அடுத்த பக்கத்தையும் வாசித்துக்கொண்டிருந்தார்.

நெருக்கடி முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. ஆபத்து தீர்ந்ததும் ஆள் தேடுவார்கள்.

மேனேஜருக்குத் தேட வேண்டிய வேலையே இல்லை. "காண்ட்ராக்ட்தானே? ஏஜென்சில சொல்லி வேற ஆள போடச் சொல்லுங்க" என்றுவிட்டார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அமுதா ஒரு மூலையில் நின்றாள். நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் உட்காரவில்லை.

"கம்ப்யூட்டர்ல எடம் இல்ல, ரொம்ப மெதுவா போவுதுன்னு புக்க எடுத்துப் பாத்தேன்க்கா. என் கம்ப்யூட்டர்ல இருக்கிற காப்பிய அழிச்சா போர்ட்டல்ல இருக்கிறது அப்படியே இருக்கும், கவலப்படாதீங்கன்னு போட்டிருந்துச்சு. அதுக்கு அடுத்தாப்ல கம்ப்யூட்டர்லயும் போர்ட்டல்லயும் ரீசைக்கிள் பின்ன காலி பண்ணுங்க, வேகம் கூடும்னு போட்டிருந்துச்சு. அதத்தான் செஞ்சேன். நானா ஒண்ணுமே செய்யலக்கா" என்று அழுதாள்.

போர்ட்டல் மென்பொருளின் பழைய பதிப்பில் அது சரி. எங்களிடம் இருந்த புதிய பதிப்பில் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரும் போர்ட்டலில் இருக்கும் ஃபோல்டரும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டது. இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும். ஸ்டிக்கர் புதுசு, உள்ளே பழைய சோறு. அக்கா அன்றைக்கே சொன்னதுதான்.

"அதெல்லாம் இப்ப சொல்ற கத. அந்தப் புக்க இங்க யாரு தொறந்தா?" என்றார் மேனேஜர்.

அக்கா குண்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். ஓரம் கன்னங்கரேல். திறந்தார். உள்ளே வெள்ளை வெளேர். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, புதுப் புத்தகத்துக்குரிய சத்தத்தோடு பிரிந்தன. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அங்கிருந்த ஃபோர்மேனிடம் திரும்பி, "அண்ணாச்சி, அப்ரூவலுக்குக் குடுத்தப்ப இது எங்க இருந்துது?" என்று கேட்டார்.

"அதுங்களா? மானிட்டர் தாழ இருந்துச்சுங்க. அதுக்கு அடில வச்சிருந்தோம். ஜன்னலோரம். நல்ல ஒசரம்ங்க, கழுத்து வலியே போயிடுச்சு. வாங்கிக் குடுத்த பொறவும் அங்கதான் வச்சிகினு இருக்கோம்."

"அந்த ஒல்லி?"

"அய்யே, அது நல்ல புக்குங்க! பீரோவுல பத்திரமா வச்சிருந்தேன். டூட்டி முடிஞ்சு கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்துதான் தொடுவேன். கரிக்கையால தொட மனசு வர்ல. ஏன் மேடம் அத வாங்கல?"

காற்று கொண்டுவந்து போட்ட கரியைப் பார்த்து ஒன்றை வாங்கினோம். கை கழுவிவிட்டுப் படித்ததால் வெள்ளையாக வந்த புத்தகத்தைத் திருப்பி அனுப்பினோம். பிள்ளைகளே, நீங்கள் இதில் சிரிக்கலாம். அன்றைக்கு அந்த அறையில் சிரிப்பு வரவில்லை.

அக்கா மறுபடி ஒட்டிய பக்கங்களைப் பிரித்துக்கொண்டே போனார். நடுவில் ஒரு பக்கத்தில் நிறுத்தி மேனேஜர் முன்னால் வைத்தார். வெள்ளைத் தாளின் கீழ் மூலையில் கரியில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. மானிட்டருக்கு அடியிலிருந்து உருவும்போது ஓரத்துக் கரி அமுதாவின் கையில் ஒட்டி, அது பக்கத்தில் இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்தில்தான் அவள் சொன்ன இரண்டு வரிகளும் இருந்தன. புத்தகம் முழுக்கக் கரிக்கை பட்ட இடம் அது ஒன்றுதான்.

"இதுக்குப் பாஸ் போட்டது நான் சார். ஓரத்தப் பாத்து ஏமாந்தது நான். இந்தப் பிள்ள எங்க முத்திரைய நம்பி, அதுல போட்டிருக்கத அப்படியே செஞ்சிருக்கு. படிச்சு செஞ்சதுக்கு வீட்டுக்கு அனுப்பினா, நாளைக்கு இங்க எவன் சார் புத்தகத்தத் தொடுவான்?"

"எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கேன்."

நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். வெளியே வந்ததும், "இன்னாக்கா இது, ரிட்டயர்மென்ட்ட பக்கத்துல வச்சிகினு! கடைசி நேரத்துல பேரு கெட்டுப் போவுமே" என்று சண்டை போட்டேன்.

"பேரு கெட்டா எனக்கு பென்ஷன் நின்னு போவுமாட்டி? அவளுக்கு நாற்காலி போயிரும்லா" என்றார்.

அமுதாவின் வேலை தங்கியது. அக்காவைப் போர்ட்டல் வேலையிலிருந்தும் புத்தகத் தேர்விலிருந்தும் எடுத்துவிட்டு, தூரத்தில் ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. நான் குண்டுப் புத்தகங்களை எல்லா செக்‌ஷனிலிருந்தும் திரும்ப வாங்கிக் கழித்துவிட்டு, ஒல்லியை வரவழைத்துக் கொடுத்தேன். கரி பார்க்கும் பரீட்சை அதோடு சரி. புத்தகத்தை வைத்துப் பார்த்த ஆளிடமே போய், "எதற்கு எடுத்தீர்கள், கிடைத்ததா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிறகு வாங்கினோம். நீங்களும் கேளுங்கள். வாய் இருக்கிறதே, அதற்குத்தான்.

ஆனால் அந்த 'வாங்கினோம்' பொய். நான் மட்டும்தான் வாங்கினேன். அப்ரூவல் கட்டு வந்தால் பிரித்து, பின்னாலிருந்து திறந்து, ஏதாவது நல்லதாகக் கண்ணில் பட்டால் "அக்கா, இத பாருங்களேன்" என்று தலையைத் தூக்குவேன். எதிரே ஆள் இருக்காது. கேன்டீனில் அதே மேசையில் உட்கார்ந்து டீயை ஆறவிடாமல் குடிக்கப் பழகிக்கொண்டேன். டீயை ஆறவிடுவதற்குக்கூட இன்னொரு ஆள் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கொஞ்ச நாளில் அவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தார். லாரியில் சாமான் ஏறியதும் வெறும் வீட்டை ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதவைப் பூட்டினார். தான் வைத்த செம்பருத்தியில் ஒரு கிளையைக் கூட ஒடித்துக்கொள்ளவில்லை. அடுத்து வருகிறவர்களுக்கு இருக்கட்டும் என்றார். கழித்துக் கட்டிய குண்டுப் புத்தகங்களில் அந்தக் கட்டைவிரல் பிரதியை மட்டும் என்னிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதை என் கையில் கொடுத்தார்.

"இத நீ வச்சுக்க. தெரியாம யாருக்கும் படிக்கக் குடுத்துராத, கேட்டியா."

நாகர்கோவிலுக்குக் கிளம்பிய லாரி பின்னாலேயே அவர் கார் போனது. நான் அந்த வாசலில் நின்ற நேரத்தில் யாராவது பார்த்திருந்தால் என் வீடுதான் காலியாகிறது என்று நினைத்திருப்பார்கள். தப்பில்லை.

அந்தப் புத்தகம் இப்போது முத்தாண்டிக்குப்பத்தில் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. யாரையும் தொடவிட்டதில்லை. நகரியத்தில் இருந்தவரை கரி என்றால் எரிச்சல். துணி காய்ந்தால் கரி, சாதம் வடித்தால் கரி என்று திட்டாத நாள் கிடையாது. இங்கே வந்த பிறகு அந்தப் புத்தகத்தின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்ப்பேன். விரல் கறுக்கும். சங்குச் சத்தம், கேன்டீன், அக்காவின் குரல் எல்லாம் வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

இந்தப் போகிக்கு வீடு சுத்தம் செய்யும்போது என் மருமகள் அதை ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். நல்ல பெண், நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். ஓரம் வெளுத்துப்போய் இருந்ததைப் பார்த்ததும் நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அழுதேன்.

"அழுக்குதான அத்த? அதுக்குப் போயா அழுவுறீங்க?" என்று அவள் திகைத்து நின்றாள். அவளுக்கு என்ன சொல்வது?

அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, புக்க தொடச்சிட்டாங்கக்கா. ஓரத்துல கரியே இல்ல."

அக்கா சிரித்தார். "நல்லதுதானட்டி. அந்த அழுக்கு பொய் சொல்லிச்சு. உள்ள தொறந்து பாரு."

தேடிப் பிடித்துத் திறந்தேன். கீழ் மூலையில் அமுதாவின் கட்டைவிரல் அப்படியே இருந்தது.

"இருக்கா?"

"இருக்குதுக்கா."

"அந்தப் பிள்ள?"

"இருக்கா. அதே செக்‌ஷன். இன்னும் காண்ட்ராக்ட்தான். ஆனா இப்ப சாஞ்சு உக்காருறா."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "ஒரு வாட்டி வந்துட்டுப் போங்களேன்க்கா. பாக்கணும் போல இருக்குது."

"எங்கட்டி வர? அங்க எனக்குன்னு எந்த வூடு இருக்கு?"

இத்தனை வருஷத்தில் அவர் வாயில் 'வூடு' என்று என் ஊர்ப் பேச்சு வந்தது அன்றைக்குத்தான். கேலிக்குச் சொன்னாரா, தானாக வந்ததா, தெரியவில்லை.

"நெய்வேலில எறங்காதீங்க. பஸ்ஸ மாறி முத்தாண்டிக்குப்பத்துல எறங்குங்க. நான் ஸ்டாப்புல நிக்கிறேன்" என்றேன்.

"பாப்பம்ட்டி" என்றார்.

போன வாரம் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள், வேலையில் எதை இழந்ததாக நினைக்கிறீர்கள் என்று. ஏதோ சொல்லி மழுப்பினேன். இப்போது சொல்கிறேன். உங்கள் எதிரே உட்கார்ந்து, நீங்கள் கையெழுத்துப் போடப்போகும் புத்தகத்தைப் பிடுங்கிப் பின்னாலிருந்து திறக்கிற ஒரு ஆள் இருந்தால், அவரோடு சண்டை போடுங்கள், டீயை ஆறவிடுங்கள், சீக்கிரம் எழுந்து போய்விடாதீர்கள்.

எங்கள் வீட்டிலிருந்து பண்ருட்டி ரோடு தெரியும். பஸ் நின்றால் நான் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.